குளிசை தரும் தசைநோவும் மூலிகைக் குடிநீரும்

ஐம்பது வயதைக் கடந்தோர் வாழும் நம்மவர் இல்லங்களுட் பெரும்பாலானவற்றில், கிளினிக் கொப்பி ஒன்றும் அதனருகே குளிசைப் பெட்டி ஒன்றும் இருத்தல் இக்காலத்து வழமையாகிவிட்டது. காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, உணவோடு நீரிழிவுக்கு ஒன்று, இரவு படுக்கைக்குப் போகுமுன் கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று என அவை முறையாக உட்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் இறுதியாகக் கூறிய குளிசையைப் பற்றியே வாசிகசாலைத் திண்ணையிலும் கலியாணப் பந்தலிலும் மிகுதியாகப் பேச்சு நிகழ்கின்றது. “அதைப் போடத் தொடங்கின நாள் முதல் தொடையும் கெண்டைக்காலும் ஒரே உளைவு” என்பார் ஒருவர். “அது தசையைத் தின்னுற மருந்தெல்லோ, அண்ணை! நிப்பாட்டிப்போட்டு இன்ன வேரை அவிச்சுக் குடியுங்கோ, ஒரு மாதத்தில் தசை பழையபடி உரமாகும்” என்பார் பக்கத்திலிருப்பவர்.

இப்பேச்சில் உண்மையும் கலந்துள்ளது, பிழையும் கலந்துள்ளது. அதுவே இதன் ஆபத்து. முற்றும் பொய்யான ஒன்றை எளிதில் ஒதுக்கிவிடலாம். பாதி மெய்யானதை நம்பிக் குளிசையைக் கைவிட்டவர் மாரடைப்பைத் தேடிக்கொள்ளவும் கூடும். குளிசையோடு வேரையும் சேர்த்து உண்டவர், காக்க நினைத்த தசையைத் தாமே கெடுத்துக்கொள்ளவும் கூடும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வது தகும்.

மருந்தினால் தசை கெடுதல் என்பது கட்டுக்கதையன்று. பல மருந்துகளுக்கு அக்குணம் உண்டு. அவற்றுள் நம் வீடுகளிற் காணப்படுவன முக்கியமாக மூன்று. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த குளிசைகள் ஒன்று. தொய்வு, மூட்டுவாதம் முதலியவற்றுக்கு நீண்டகாலம் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரெரோயிட்டுக்கள் மற்றொன்று. கீல்வாதத்துக்குத் தரப்படும் கொல்சிசின் மூன்றாவது. இவை தசையைத் தாக்கும் விதமும் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஸ்டற்றினால் வரும் கெடுதியில் நோவும் உளைவும் முன்னிற்கும். கெடுதி மிகுமாயின் தசைக்குள் இருக்கவேண்டிய கிரியற்றின் கைனேசு என்னும் நொதியம் குருதியிற் கசிந்து, சோதனையில் வெளிப்படும். ஸ்ரெரோயிட்டினால் வரும் கெடுதியிலோ நோவே இராது. தொடையும் தோளும் மெல்ல மெல்ல மெலியும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, கொடியிற் சேலையை உலரப்போடக் கை உயரவில்லை என்று அம்மா சொல்லும்போதுதான் வீட்டார் அறிவர். அப்போதும் குருதிச் சோதனை யாதொரு குறையும் காட்டாதிருக்கலாம்.

அரிசியிற் பிறந்த மருந்து

“இங்கிலீசு மருந்து வேறு, மூலிகை மருந்து வேறு, முன்னது நஞ்சு, பின்னது அமுது” என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஸ்டற்றினின் பிறப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வெண்ணம் சற்றே தளரும். உயிரியல் பயிலும் மாணவர்கள் இவ்வரலாற்றை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

யப்பான் தேசத்தின் வடபால் உள்ள அகிற்றா என்னும் மாகாணத்தில், உழவர் குடும்பமொன்றில் 1933 இற் பிறந்தவர் அகிரா எண்டோ. சிறுவயதிலேயே காளான்களிலும் பூஞ்சணங்களிலும் ஈடுபாடு கொண்டவர். பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கின் வரலாறு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னாளில் தோக்கியோ நகரில் ஒரு மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றுகையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. பூஞ்சணங்கள் தம்மை எதிர்க்கும் நுண்ணுயிர்களை வெல்லப் பலவகை இரசாயனங்களைச் சுரக்கின்றன. அந்நுண்ணுயிர்களுட் சில உயிர்வாழக் கொலஸ்ட்ரோல் போன்ற பொருள்கள் இன்றியமையாதன. ஆகவே அப்பொருளின் ஆக்கத்தைத் தடுக்கும் சுரப்பு ஏதேனும் ஒரு பூஞ்சணத்தில் இருத்தல் கூடும் என்பதே அது. ஏறத்தாழ 6,000 வகைகளை அவரும் அவர்தம் குழுவினரும் சோதித்தனர். 1973 இல், கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றிற் கிடைத்த அரிசியில் வளர்ந்த நீலப் பூஞ்சணத்தில் அவர்கள் தேடிய பொருள் அகப்பட்டது.

அதன் பின்னரும் வழி எளிதாக அமையவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரோல் சிறிதும் குறையவில்லை. பிறராயின் அம்முயற்சியை அத்தோடு கைவிட்டிருப்பர். எண்டோ கோழிகளை நாடினார். முட்டையிற் கொலஸ்ட்ரோல் மிகுதியாக உண்டல்லவா? அதனை ஆக்கும் முட்டைக்கோழியின் உடலிலும் அவ்வாக்கம் மிகுதியாக நிகழ்தல் வேண்டும் என்று அவர் கருதினார். கருதியபடியே கோழிகளின் கொலஸ்ட்ரோல் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்க நிறுவனமொன்று வேறொரு பூஞ்சணத்திலிருந்து பிரித்த லோவஸ்டற்றின் என்னும் உறவுப் பொருள் 1987 இல் அந்நாட்டில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. இன்று நம் கிளினிக்குகளில் வழங்கப்படும் அற்றோர்வஸ்டற்றின் ஆய்வுகூடத்தில் ஆக்கப்படுவதாயினும், அந்த வழியில் வந்ததே. எண்டோ 2024 இல், தமது தொண்ணூறாவது வயதிற் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவேயில்லை என்பது பலருக்கு இன்றும் ஆறாத குறை.

இம்மருந்து தொழிற்படும் விதத்தையும் சுருங்கக் கூறுவாம். நமது ஈரல் கொலஸ்ட்ரோலைப் பல படிகள் கொண்ட ஏணி ஒன்றில் ஏறுவதுபோல ஆக்குகின்றது. ஸ்டற்றின் அந்த ஏணியின் கீழ்ப்படியொன்றை அடைத்துவிடுகின்றது. ஆனால் அந்த ஏணியிலிருந்து பக்கக் கிளைகளும் பிரிகின்றன. தசைக்கலங்கள் சக்தியைப் பெற உதவும் துணைநொதியம் கியூ 10 என்னும் பொருள் அக்கிளையொன்றிலேயே உண்டாகின்றது. கீழ்ப்படி அடைபட்டால் அக்கிளைக்கும் வரத்துக் குறையும். தசை துன்புறுவதற்கு இது காரணமாகலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. முடிந்த முடிபன்று.

கடுமையான தசையழிவு மிக அரிது. 10,000 பேர் 5 ஆண்டுகள் இம்மருந்தை உட்கொண்டால் ஏறத்தாழ 5 பேருக்கே அது நேரும் எனவும், அதே 10,000 பேரும் முன்னரே இருதயநோய் உடையோராயின் அக்காலத்தில் ஏறக்குறைய 1,000 பேர் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றினின்று தப்புவர் எனவும் 2016 இல் வெளிவந்த ஒரு பெரும் மீளாய்வு கணக்கிட்டது. எனினும் அரிது என்பதனால் அற்பம் என்று கொள்ளலாகாது. இக்குடும்பத்தைச் சேர்ந்த செரிவஸ்டற்றின் என்னும் மருந்து தசையழிவினாற் பல மரணங்களுக்கு ஏதுவாகி, 2001 ஆம் ஆண்டு உலகச் சந்தையிலிருந்து முற்றாக மீளப்பெறப்பட்டது.

சிவப்புப் பூஞ்சண அரிசி

இனி மூலிகையின் பக்கம் வருவோம். “ஸ்டற்றினால் தசை நோகின்றதா? அதனை விட்டு இயற்கையான இதனை உண்ணுங்கள்” என்று உலகெங்கும் விற்கப்படும் பொருள்களுள் முதன்மையானது சீனரின் சிவப்புப் பூஞ்சண அரிசி. அவித்த அரிசியில் மொனாஸ்கசு என்னும் பூஞ்சணத்தை வளர்த்து, அது செந்நிறமானதும் உலர்த்தி எடுப்பர். சீனர் இதனை உணவுக்கு நிறமூட்டவும் மதுவடிக்கவும் மருந்தாகவும் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். நமது நாட்டுச் சிவப்பரிசியோடு இதனை மயங்கலாகாது. நமது அரிசியின் சிவப்புத் தவிட்டின் நிறம். பூஞ்சணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே இல்லத்தரசிகள் அஞ்சவேண்டியதில்லை.

அச்சீன அரிசி கொலஸ்ட்ரோலைக் குறைப்பது உண்மையே. காரணம் யாது? மேற்சொன்ன எண்டோ அவர்களே 1979 இல் மொனாஸ்கசுப் பூஞ்சணத்திலிருந்து மொனாக்கொலின் கே என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவும் லோவஸ்டற்றினும் ஒன்றே. இரசாயன அமைப்பில் அணுவளவும் வேறுபாடில்லை. குளிசைக்கு அஞ்சி அரிசியை நாடியவர், அளவு தெரியாத குளிசையை அரிசியின் வடிவில் விழுங்குகின்றார்! தசைநோவும் அப்படியே வரும். வந்ததாக மருத்துவ இதழ்களிற் பதிவுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல், இப்பொருள் நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே உணவுத் துணைப்பொருள்களில் இருக்கலாம் என விதித்தது.

அளவு ஒருபுறமிருக்க, தூய்மை மற்றொரு கேள்வி. 2024 ஆம் ஆண்டு யப்பானில், கொலஸ்ட்ரோலுக்கென விற்கப்பட்ட சிவப்புப் பூஞ்சண அரிசிக் குளிசைகளை உண்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. பலர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர், அப்பண்டங்கள் மீளப்பெறப்பட்டன. உற்பத்தியின்போது வேண்டாத நீலப் பூஞ்சணம் ஒன்று புகுந்து நச்சு அமிலத்தை உண்டாக்கியமை பின்னர் ஆராய்ச்சியில் தெரியவந்தது. நீலப் பூஞ்சணத்தில் நன்மருந்தைக் கண்ட அதே நாட்டில் இது நிகழ்ந்தது.

தசையை வாட்டும் வேரும் கிழங்கும்

நமது அஞ்சறைப் பெட்டிக்கும் மருந்துப் பெட்டிக்கும் வருவோம். அதிமதுரத்தை அறியாத தமிழர் இல்லை. இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் ஒரு துண்டை வாயிலிட்டு மெல்லுதல் நல்ல வழக்கமே. ஆயினும் தசைக்கு உரமூட்டும் என்று நம்பி மாதக்கணக்கில் நாள்தோறும் அதன் குடிநீரை அருந்துதல் வேறு விடயம். அதன் இனிப்புக்குக் காரணமான பொருள் சிறுநீரகத்தில் ஒரு நொதியத்தை அடக்கிவிடுகின்றது. அந்நொதியத்தின் கடமை, நம் உடலிற் சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோனை அவ்விடத்திற் செயலிழக்கச் செய்வதாகும். காவலாளி உறங்கியதும் கோட்டிசோல் தன் விருப்பப்படி தொழிற்படும். உடலில் உப்பும் நீரும் தங்கும். இரத்த அழுத்தம் ஏறும். பொற்றாசியம் சிறுநீருடன் வெளியேறும். பொற்றாசியம் குன்றிய தசை துவண்டுபோகும். சிலர் கைகால் அசைக்கவியலாத நிலைக்கு வந்ததும், தசைநார்கள் சிதைந்ததும் உண்டு. வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சத்தைக் கொடுத்த ஒல்லாந்து வைத்தியர் ஒருவர், நோயாளர் சிலரின் உடல் வீங்குவதை 1946 இலேயே எழுதிவைத்தார். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர்ப்போக்கு மருந்து உண்பவர்க்கு இவ்வாபத்து இரட்டிப்பாகும். அம்மருந்துகளுட் பலவும் பொற்றாசியத்தை வெளியேற்றுவனவே.

அடுத்தது கார்த்திகைப்பூ. வேலியோரங்களிலே தீச்சுடர்போல மலர்ந்து நிற்கும் இக்கொடியின் கிழங்கையும் விதையையும் அறிந்தோர் தொடவும் தயங்குவர். அவற்றிலுள்ள நஞ்சு வேறொன்றுமன்று. கீல்வாதத்துக்கு வைத்தியர் எழுதித் தரும் கொல்சிசின் என்னும் அதே மருந்துதான். தமிழ்நாட்டு விவசாயிகள் இதன் விதைகளை மருந்துற்பத்திக்காகவே பயிரிடுகின்றனர். நம் நாட்டிலோ வற்றாளங்கிழங்கு என்று மயங்கி இக்கிழங்கை அவித்துண்டு உயிரிழந்தோர் உளர். கொல்சிசின் தசையையும் நரம்பையும் ஒருங்கே தாக்கவல்லது என்பதும், சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவே தீங்காக அமையலாம் என்பதும் 1987 இல் அமெரிக்க வைத்தியர்களால் தெளிவாக எடுத்துக்காட்டப்பட்டன. அது ஸ்டற்றினோடு சேரும்போது தசை இருமுனைத் தாக்குதலுக்கு உள்ளாகின்றது. சித்த வைத்தியர் இக்கிழங்கைச் சுத்திசெய்தே கையாள்வர். அதுவும் அளவறிந்து கையாள்வர். சுத்தி முறையைப் பற்றி யாதும் அறியாதவர், பக்கத்து வீட்டார் சொல் கேட்டு இதனைக் கிண்டி எடுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

பழங்கூட இதற்கு விலக்கன்று. கனடா நாட்டிலே ஓர் ஆராய்ச்சிக் குழுவினர், இரத்த அழுத்த மருந்தோடு மது சேரும்போது யாது நிகழும் என்று ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புரூட் என்னும் பழத்தின் சாற்றைக் கலந்தனர். மருந்தின் அளவு குருதியில் எதிர்பாராதவாறு எகிறியது. 1989 இல் வெளியான அவ்வாராய்ச்சியின் வழியே, குற்றவாளி மதுவன்று, பழச்சாறே என்பது தெரியவந்தது. குடற்சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியமொன்றை அச்சாறு முடக்கிவிடுகின்றது. சிம்வஸ்டற்றின், அற்றோர்வஸ்டற்றின் ஆகியனவும் அந்நொதியத்தாற் சிதைக்கப்படுவனவே. நம் தோட்டங்களிற் காய்க்கும் பம்பளிமாசு அப்பழத்துக்கு மூதாதை முறையினது. ஒரு சுளை உண்டவர் கலங்கவேண்டாம். ஆனால் “இயற்கைச் சாறு” என்று நாள்தோறும் குவளை குவளையாக அருந்துவோர், தம் குளிசையின் பெயரைச் சொல்லி வைத்தியரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று.

வெறுங் குளிசையும் நோவு தந்தது

இவ்விடத்தில் ஒரு வியப்பான ஆராய்ச்சியைக் கூறாதுவிடின் கட்டுரை குறையுடையதாகும். இலண்டன் மாநகரில், ஸ்டற்றின் உண்ணத் தொடங்கி இரண்டு கிழமைக்குள் உபாதை தாளாது நிறுத்திவிட்ட 60 பேரைத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் 12 போத்தல்கள் கொடுக்கப்பட்டன. மாதம் ஒன்றுக்கு ஒன்றாக ஓராண்டுக்கு. நான்கில் மெய்யான ஸ்டற்றின். நான்கில் அதே தோற்றமுடைய வெறுங் குளிசை. நான்கு போத்தல்களில் ஒன்றுமேயில்லை. குளிசை இருந்த போத்தல்களில் எது மெய், எது வெறுமை என்பதை உண்பவரும் அறியார்; கொடுத்தவரும் அறியார். நாள்தோறும் தம் உபாதைக்கு 0 முதல் 100 வரை அவர்கள் புள்ளியிட்டனர்.

குளிசையே உண்ணாத மாதங்களிற் சராசரிப் புள்ளி 8. ஸ்டற்றின் உண்ட மாதங்களில் 16.3. வெறுங் குளிசை உண்ட மாதங்களிலோ 15.4! 2020 இல் வெளியான இம்முடிபின்படி, ஸ்டற்றினால் வந்ததாக அவர்கள் உணர்ந்த உபாதையிற் பத்தில் ஒன்பது பங்கு, குளிசை ஒன்றை விழுங்குகின்றோம் என்ற எதிர்பார்ப்பினாலேயே வந்தது. நோவு பொய் என்பது இதன் பொருளன்று. நோவு மெய், அதன் காரணம் வேறு. தம் புள்ளிகளைத் தாமே கண்டபின் அவர்களுட் பாதிப்பேர் மீண்டும் ஸ்டற்றினை உண்ணத் தொடங்கினர். 2022 இல், ஏறத்தாழ 1,24,000 பேர் பங்குபற்றிய 19 பரிசோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தபோதும் இதற்கு ஒத்த முடிபே கிடைத்தது: தசைநோவு கூறியோர் ஸ்டற்றின் உண்டவர்களில் 27.1 வீதம், வெறுங் குளிசை உண்டவர்களில் 26.6 வீதம். வயது ஏற ஏற யார்க்கும் தசை நோகும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

மூலிகைக் குடிநீரின் புகழுக்கும் இதிலே ஒரு விளக்கம் உண்டு என எனக்குத் தோன்றுகின்றது. எதிர்பார்ப்பு நோவைத் தரவல்லதாயின், நம்பிக்கை அதனைத் தீர்க்கவும் வல்லதன்றோ? குளிசையை நிறுத்தி, அன்போடு காய்ச்சிய குடிநீரை அருந்தியவர் ஒரு மாதத்திற் சுகமடைந்தால், அப்பெருமையை வேருக்கே அளித்துவிடுகின்றோம்.

அப்படியாயின் பயன்தரும் மூலிகை யாது?

மஞ்சளைப் பற்றி மிகுதியாக எழுதப்படுகின்றது. மருந்தினாற் கெட்ட எலியின் தசைக்கு அதன் சத்து நன்மை செய்ததாக ஆய்வுகூட முடிபுகள் உண்டு. ஆனால் எலிக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தூரத்தை எண்டோவின் கதையிலேயே கண்டோம். மேலும் மஞ்சட் சத்து குடலிலிருந்து குருதிக்கு எளிதிற் போவதில்லை. மிளகின் காரப்பொருளைச் சேர்த்தால் அது 20 மடங்கு மிகுதியாக உட்செல்லும் என்பதைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர் 1998 இற் காட்டினர். இரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்த்த நம் பாட்டிமாரை இதற்காகப் போற்றலாம். ஆனால் அதே காரப்பொருள் பிற மருந்துகளையும் மிகுதியாக உட்புக விடக்கூடும். செறிவூட்டிய மஞ்சட் குளிசைகளை உண்ட சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டமை 2019 இல் இத்தாலி நாட்டிற் பேசப்பட்டது. கறிக்கு இடும் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அமுக்கிராக் கிழங்கு தசைக்கு வலுவூட்டும் என்பது பழைய நம்பிக்கை. 2015 இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், 8 வாரம் பளுத்தூக்கிப் பயின்ற 57 ஆடவருள் அதன் சத்தை உண்டவர்கள் கூடுதலான வலிமை பெற்றனர். ஆனால் அவர்கள் சுகதேகிகளான இளைஞர். குளிசையால் தசை கெட்ட முதியோர் அல்லர். ஈரற் கெடுதியும் தைரொயிட்டு ஓமோன் ஏற்றமும் ஆங்காங்கே பதிவாகியுள்ளன. டென்மார்க் நாடு 2023 இல் இதன் விற்பனையையே தடைசெய்தது. அது மிகைப்பட்ட எச்சரிக்கை என்று கூறுவோரும் உளர். முடக்கொத்தான் இரசமும் வல்லாரைச் சம்பலும் உணவாக உண்ணத்தக்கன, உண்டு மகிழ்க. மருந்தினாற் கெடும் தசையை அவை காக்கும் என்பதற்கு மனிதரிடத்து நிகழ்ந்த தக்க சான்று இல்லை.

மூலிகையல்லாத பொருள்களின் கதியும் இவ்வாறே. துணைநொதியம் கியூ 10 ஐக் குளிசையாக உண்டால் இழப்பு ஈடுசெய்யப்படும் எனப் பலர் எதிர்பார்த்தனர். பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அமெரிக்க இருதய வைத்தியர் சங்கங்களின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி அதனை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்றது. விற்றமின் டீ பற்றி 2,083 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிபு 2022 இல் வந்தது: உண்டவரிலும் 31 வீதத்தினர் தசைநோவு கூறினர், உண்ணாதவரிலும் 31 வீதத்தினரே.

“நம் முன்னோர் இதற்கு மருந்து எழுதிவைத்தனர்” என்பாரும் உளர். 1987 இல் வந்த குளிசையின் தீமைக்குப் பழைய ஏட்டில் முறிவு எழுதியிருத்தல் எங்ஙனம் கூடும்? இரசம், பாஷாணம் முதலிய மருந்துகள் தவறினால் விளையும் கெடுதிக்குச் சித்தர் நூல்கள் முறிவு கூறுவது உண்மை. மருந்தே நஞ்சாகலாம் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். சித்த மருத்துவம் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் பட்டப்படிப்பாகப் போதிக்கப்படுகின்றது. அங்கே முறையாகப் பயின்ற வைத்தியரிடம் கேட்டால், எந்தக் குளிசை உண்கின்றீர் என்றே முதலில் வினவுவார். வினவாதவரிடமிருந்து விலகிக்கொள்வது நலம்.

நோவு வந்தால் என் செய்வது?

சிறுநீர் தேநீர்ச் சாயம்போலக் கருமையாகி, தசை கடுமையாக நொந்து, உடலும் சோர்ந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சிதைந்த தசையின் செம்பொருள் சிறுநீரகத்தை அடைக்கின்றது என்பதற்கு அது அடையாளம். மற்றைய நோவுகளுக்கு அவ்வளவு அவசரமில்லை. ஆனால் குளிசையைத் தாமாக நிறுத்துதலும் கூடாது. வைத்தியர் குருதியிற் கிரியற்றின் கைனேசைப் பார்ப்பார். தேவையாயின் சில கிழமை நிறுத்திவைத்து, நோவு தணிந்தபின் குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டற்றினிலோ மீளத் தொடங்குவார். பலர் அவ்வாறு தாங்கிக்கொள்கின்றனர்.

எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஸ்டற்றினை நிறுத்தி மூன்று மாதம் பலவகைக் குடிநீர்களை அருந்தியும் உளைவு நீங்காமல் வருந்தினார். இறுதியிற் குருதியைச் சோதித்தபோது தைரொயிட்டுச் சுரப்பி தளர்ந்திருந்தமை தெரியவந்தது. அத்தளர்ச்சி தசையை நோகச் செய்யும். கொலஸ்ட்ரோலையும் தானே ஏற்றும். அதற்குச் சிகிச்சை தொடங்கியபின் இரண்டும் இறங்கின. அவர் குடித்த குடிநீர்களால் அவருக்குத் தீங்கு நேரவில்லை. மூன்று மாதமே வீணாயிற்று.

ஸ்ரெரோயிட்டு உண்போர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. தசை மெலிகின்றது என்று அதனை ஒரேநாளில் நிறுத்தினால் உடல் நிலைகுலையும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அளவை வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார். அதனோடு அன்றாட நடை, நாற்காலியில் இருந்தெழும் பயிற்சி, பயறு, உளுந்து, கௌப்பி, மீன், முட்டை ஆகிய புரத உணவு என்பனவே தசைக்குத் துணை. விளம்பரம் அற்ற மருந்துகளாதலால் இவற்றை யாரும் கேட்பதில்லை.

இறுதியாக, “நூறு வீதம் மூலிகை” என்று பெயரெழுதி, செய்தவர் முகவரியின்றி மூட்டுநோவுக்கு விற்கப்படும் தூள்களையும் குளிசைகளையும் பற்றி ஒரு சொல். பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அவற்றைச் சோதித்து, டெக்சாமெதசோன் என்னும் வலிமிக்க ஸ்ரெரோயிட்டு இரகசியமாகக் கலந்திருப்பதை மீண்டும் மீண்டும் கண்டுள்ளனர். இரண்டே நாளில் நோவு பறந்துபோவதன் இரகசியம் அதுவே. சில மாதத்தில் முகம் பூரித்து, சீனி ஏறி, தொடைத்தசை கரையத் தொடங்கும். அத்தகைய பொட்டலம் வீட்டில் இருப்பின், அடுத்த கிளினிக் நாளிலே கொப்பியோடு அதனையும் கையில் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். நீண்டநாள் உண்டிருந்தால் அதனையும் திடீரென நிறுத்தலாகாது. எவ்வளவு காலமாக, நாளுக்கு எத்தனை வேளை உண்டீர்கள் என்பதை மறையாமற் கூறுங்கள். பரியாரியாரிடம் போகும்போதும் கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்பது அதிலே எழுதியிருக்கும்.